கட்டைவிரல் நகத்து வெளிச்சம்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனை போகவில்லை. துப்பாக்கிக் குழலைக் கழுவுகிற ஹாப்பிஸ் நம்பர் 9 என்ற திரவத்தின் வாசனை அது. 1903லிருந்து அமெரிக்காவில் விற்கிறார்கள். இங்கே வயதான ஆண்கள் பலர் அந்த மூடியைத் திறந்ததும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு அது அப்பாவின் வாசனை. எனக்குத் துப்பாக்கி என்றால் வேறு வாசனை. மண்ணெண்ணெய், ஈரச்சாக்கு, வியர்வையில் நனைந்த காக்கிச் சட்டை. பாளையங்கோட்டை, 1977.

அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு முதல் காரணம் பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரியும் கிழங்கும்தான். வீட்டில் ஆறு பேர். அப்பா தையல்காரர். ஆனால் ரைபிளை முதன்முதலில் கையில் கொடுத்த நாளோடு பூரி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

அது பழைய லீ என்ஃபீல்டு. .303 ரைபிளின் உடம்பில் .22 குழல் வைத்தது. சுடுவது சின்னஞ்சிறு தோட்டாவை. தூக்குவதோ நாலு கிலோ. படையில் தூக்கப்போகிற கனத்துக்குப் பையன்களின் தோளைப் பழக்க வேண்டும், பெரிய தோட்டாவின் செலவும் ஆகக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் உள்ளே வைக்க வேண்டும்.

ரைபிள்கள் இருந்த அறைக்குப் பெயர் ‘கோத்’. இரும்புக் கதவு, இரண்டு பூட்டு, ஒரு பதிவேடு. எந்த எண் ரைபிள், யார் கையில், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாம் அதில் ஏறும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் வடக்கிலிருந்து வந்த ஒரு ஹவில்தார். உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். இந்தியில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, கோபம் வந்தால் மறுபடி இந்திக்குப் போவார். முதல் மூன்று மாதம் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ‘கோல்னா, ஜோட்னா’ மட்டும்தான். கழற்றுவது, மாட்டுவது. சாக்கை விரித்து அதன்மேல் ரைபிளைக் கிடத்தி, குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை ஆள்காட்டி விரலால் மேலே தட்டி உருவுவோம். துணி, எண்ணெய், மறுபடி துணி. பிறகு மாட்டுவோம். மாட்டி முடித்ததும் பார்வை.

அந்தப் பார்வையைச் சொல்ல வேண்டும். போல்ட் உருவப்பட்டு வெளியே இருக்கும். குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்து வைக்க வேண்டும். நகத்தில் படுகிற வெயில் குழலுக்குள் திரும்பி ஏறும். உஸ்தாத் முன்வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே சுருள் சுருளாகப் போகிற வரிப்பள்ளங்கள் வெள்ளித் தண்டை மாதிரி மின்னினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போவார். எங்காவது ஒரு கரும்புள்ளி தெரிந்தால், “தம்பி, உள்ளே மச்சம் இருக்கு. பிர்சே” என்பார். பிர்சே என்றால் மறுபடியும் முதலிலிருந்து. நகம் அழுக்காக இருந்தால் வெளிச்சம் திரும்பாது. அதனால் என்.சி.சி. நாளில் நகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவோம். அம்மா இதைப் பார்த்துவிட்டு, “எந்தக் கல்யாணத்துக்குப்பா?” என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

நூறு தடவையாவது துடைத்திருப்பேன். சுட்டது இரண்டே முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து தோட்டா. அதில் இரண்டாவது முறைதான் மனதில் ஆழப் பதிந்தது. மண்மேட்டை நோக்கி இருபத்தைந்து கஜத்தில் படுத்துச் சுட்டோம். எண்ணித் தருவார்கள், எண்ணி வாங்குவார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும். அன்றைக்குக் கணக்கில் ஒன்று குறைந்தது. இருபது பையன்கள் வரிசையாக முட்டிபோட்டுக் கோரைப்புல்லை விரலால் கோதிக்கொண்டே போனோம். வெயில் இறங்கிவிட்டது. கடைசிப் பஸ் போய்விடும் என்று ஒருவன் அழுதான். நாங்கள் படுத்துச் சுட்ட படுதாவின் மடிப்புக்குள் கிடந்ததைக் கடைசியில் உஸ்தாதேதான் கண்டெடுத்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பித்தளைத் துண்டு. அதைச் சட்டையில் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் அன்றைக்கு எங்களைத் திட்டவே இல்லை. எண்ணிக்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த நாள் அது.

நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நான் இப்போது இருப்பது ஓஹாயோவில், டொலீடோ பக்கம். கண்ணாடிக்குப் பேர்போன ஊர். நானும் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இங்கே துப்பாக்கிக் கடையில் நுழைந்த முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. தூண்டில் முள் ஒரு தட்டில், .22 தோட்டா அடுத்த தட்டில். ஐம்பது ஐம்பதாகப் பெட்டி. பத்துப் பெட்டி சேர்ந்தால் ஐந்நூறு, செங்கல் மாதிரி ஒரு கட்டு. அதற்குப் பெயரே செங்கல்தான். சுடுமிடத்தில் தரையெல்லாம் பித்தளைக் கூடுகள் பொட்டுக்கடலை கொட்டினாற்போலக் கிடக்கும். விளக்குமாற்றால் கூட்டி வாளியில் அள்ளுகிறார்கள். முதல் தடவை என் கால் அதன்மேல் பட்டபோது உடம்பு கூசியது. குனிந்து பொறுக்கப் போய்விட்டேன்.

கடந்த அக்டோபரில் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். எண்பது தாண்டியவர். கணவர் போய்ப் பதினோரு வருடம். அவரும் கண்ணாடி ஆலைக்காரர்தான். இளமையில் ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரிக்குப் போய்ச் சுட்டவர். 1907லிருந்து அமெரிக்காவின் தேசியச் சுடுதல் போட்டிகள் நடக்கிற இடம் அது. எங்களிடமிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வந்துவிடும். “அவருடைய பிஸ்டல் மேசை டிராயரில் இருக்கிறது. பேரனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் சுத்தம் செய்து தருவீர்களா? காலியாகத்தான் இருக்கிறது” என்றார்.

என் மனைவி சொன்னது ஒன்றுதான். “என்னங்க, நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில வச்சிராதீங்க.” அவள் சொல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். அந்த அம்மாவின் வீட்டு நிலவறைக்கே போனோம். கான்கிரீட் சுவர், திறந்த ஜன்னல், மேசைமேல் பழைய செய்தித்தாள்.

ரூகர் மார்க் ஒன். போருக்குப் பின் 1949இல் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில், பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் ஸ்டர்மின் ஐம்பதாயிரம் டாலரைப் போட்டுத் தொடங்கிய கம்பெனியின் பிள்ளை இது. முதல் மாடலின் விலை முப்பத்தேழரை டாலர். உருவத்தில் ஜப்பானியரின் நாம்பு பிஸ்டலின் சாயல் இருக்கும். போர் முடிந்து திரும்பிய ஒரு வீரரிடமிருந்து ரூகர் வாங்கிப் பார்த்த நாம்புவிலிருந்து வந்த சாயல். கைப்பிடி, தகட்டை இரண்டு பாதியாக அழுத்தி எடுத்து நடுவில் பற்றவைத்தது. அதனால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. பிடியில் ஒரு பருந்துச் சின்னம். அதை வரைந்தவர் ஸ்டர்ம்தான், ஓவியம் தெரிந்தவர். முதலில் சிவப்புப் பருந்து. 1951இல் ஸ்டர்ம் இருபத்தெட்டு வயதில் இறந்துபோனார். கூட்டாளிக்காக ரூகர் அந்தப் பருந்தைக் கறுப்பாக்கினார். என் முன்னால் இருந்தது கறுப்புப் பருந்து. ஒரு நண்பனுக்காகப் போட்ட துக்கக் குறி லட்சக்கணக்கான கைகளில் இருக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் நெஞ்சைத் தொடுவது.

குழல்வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் முதலில் மேகஸினை உருவினேன். ஒன்பது தோட்டா கொள்கிற மேகஸின். காலியாக இல்லை. எண்ணினேன். எட்டு.

மறுபடியும் எண்ணினேன். எட்டுதான். கோரைப்புல்லில் முட்டிபோட்டிருந்த அந்தப் பையன் உள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒன்று எங்கே?

போல்ட்டின் இரண்டு பக்கக் காதுகளையும் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். கெட்டியாகிப்போன எண்ணெயில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தபோது ஒரே வெட்டில் பின்னால் வந்தது. கூடவே பழுப்பேறிய ஒரு தோட்டா துள்ளி விழுந்து செய்தித்தாள்மேல் உருண்டு, மேசை ஓரத்தில் நின்றது. ஈயத்தின் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்பது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பதினோரு வருடமாக வாரம் ஒருமுறை அந்த டிராயரைத் திறந்து, அதைத் தூக்கித் தூசி தட்டி, மறுபடி வைத்திருக்கிறார். கொள்ளுப்பேரக் குழந்தைகள் அந்த அறையில்தான் விளையாடும். அவர் பொய் சொல்லவில்லை. கணவர் எப்போதும் காலி செய்துதான் வைப்பார் என்று நம்பினார். கடைசி வருடத்தில் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. காலியா இல்லையா என்று இந்தத் துப்பாக்கியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளத்தை 2004இல் மார்க் த்ரீ வந்தபோதுதான் சேர்த்தார்கள். திறக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குழலுக்குள் தோட்டா உட்காரும் வெறுமையான அறையில் சுண்டுவிரல் நுனியை வைத்துத் தடவிப் பார்த்தேன். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது உஸ்தாத் பாடம். ஒன்பது தோட்டாவையும் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை மாடிக்கு அனுப்பிய பிறகே கழற்ற உட்கார்ந்தேன்.

கழற்றுவது எளிது. கைப்பிடியின் முதுகில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று படுத்திருக்கும். பேப்பர் கிளிப்பை நுழைத்து நெம்பினால், முதுகுத் துண்டு கீல் வைத்த கதவு மாதிரி வெளியே வரும். அதைக் கீழே இழுத்தால் அதோடு சேர்ந்த நீண்ட பின் ஒன்று மேலிருந்து உருவிக்கொண்டு வரும். போல்ட் பின்பக்கமாக வழுக்கி வெளியே வரும். ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு; குழலும் பிடியும் தனித்தனி.

உள்ளே கறுப்புக் களிம்பு. .22 தோட்டாவுக்கு இது உடன்பிறந்த குணம். பெரிய தோட்டாக்களில் அடியின் நடுவில் ஒரு மூடி இருக்கும், அதில் ஊசி அடிக்கும். இதில் அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே மருந்து. ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான். 1887இல் வந்த .22 லாங் ரைஃபிளின் ஈயக்குண்டு பாதி வெளியே தெரிகிறபடி, மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சுடச்சுட மெழுகு, ஈயத்தூள், புகைக்கரி மூன்றும் சேர்ந்து தோசைக்கல்லின் ஓரத்துப் பிசுக்கு மாதிரி இறுகிவிடும். ஈயம் என்பதால் திறந்த ஜன்னல். தின்பண்டம் கிட்டே வரக் கூடாது. முடித்ததும் கைகழுவல்.

போல்ட்டின் முகத்தில் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கி இருக்கிறது, பூனை நகம் மாதிரி. அதன் அடியில் அடைந்த அழுக்கு பல்துலக்கும் பிரஷ்ஷுக்குப் போகாது. பல்குத்தும் குச்சியைத் திரவத்தில் நனைத்துச் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டிருக்கும்போது கை அப்பாவுடையதாக மாறிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின இரவு தையல் மெஷினைக் கவிழ்த்து, பாபின் கேஸைக் கழற்றி, பல்லடியில் அடைந்த பஞ்சை ஊசி முனையால் எடுப்பார். எடுத்த பஞ்சைக் காட்டி, “இவ்வளவும் நம்ம சாப்பாடு” என்பார். எண்ணெய் ஒரு சொட்டுதான். இரண்டாவது சொட்டு துணியில் கறையாகும்.

துப்பாக்கியிலும் அப்படித்தான். எண்ணெய் அதிகம் விட்டால் அது நாளைய பிசின். டிராயரில் இருந்ததற்கு வந்த கதி அதுதான். குழலுக்குப் பின்பக்கமிருந்தே கோலைச் செலுத்தினேன். முன்வாயின் விளிம்பு தேய்ந்தால் குண்டின் போக்கு கெட்டுவிடும். நல்லவேளையாக இந்த உடல் பின்பக்கம் திறந்த குழாய், வழி நேராக இருக்கிறது. முதல் துணி தார் மாதிரி வந்தது. ஒன்பதாவது துணி வெள்ளை.

மாட்டுகிற நேரத்தில் பேரன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, கொலம்பஸில் வேலை. அவனிடமும் ஒரு ரூகர் இருக்கிறது, 2016இல் வந்த மார்க் ஃபோர். பின்னால் ஒரு பித்தான். அழுத்தினால் குழல் நிமிர்ந்துகொண்டு கையோடு வருகிறது. மறுபடி வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது. மூன்று நொடி. அதைக் குறைசொல்ல மாட்டேன். எளிதாகத் திறந்தால் பலபேர் திறப்பார்கள், துடைப்பார்கள், உள்ளே பார்ப்பார்கள். நல்லதுதான்.

ஆனால் தாத்தாவுடையதை அவனையே மாட்டச் சொன்னேன். போல்ட் உள்ளே போனது. அந்த நீண்ட பின்னைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தி முன்னால் சாய்ந்து வழிவிட்டால்தான் ஏறும். ஏறியது. முதுகுத் துண்டை மூடினான், தாழ்ப்பாள் விழுந்தது. “முடிந்தது சார்” என்றான். போல்ட்டை இழுத்துப் பார் என்றேன். பாதிதான் வந்தது. சுத்தியிலிருந்து தொங்குகிற குட்டித் தண்டு ஒன்று, முதுகிலிருக்கும் ஸ்ப்ரிங்கின் தொப்பிக்குள் உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, கை எட்டாது. துப்பாக்கியைச் சாய்க்கிற கோணத்தில் அது தன் எடையால் தானாக வந்து விழ வேண்டும். கோணம் தவறினால் குறுக்கே மாட்டிக்கொண்டு போல்ட்டைத் தடுக்கும்.

திறந்தான், சாய்த்தான், மூடினான். பாதி. மறுபடி. பாதி. முகம் சிவந்தது. போனை எடுத்து வீடியோ தேடப் போனான். வேண்டாம், மூடும்போது காதைக் கொடு என்றேன். தண்டு விழுகிற சத்தம் ஒன்று உண்டு. கொலுசில் ஒரு மணி மட்டும் ஆடினாற்போல. முதன்முதலில் இன்னொரு மார்க் ஒன்னைக் கழற்றியபோது எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அந்தச் சத்தத்தை நான் கண்டுகொண்டது அன்று சாயங்காலம்தான். அவனுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. சத்தம் வந்ததும் அவனே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். மூடினான். போல்ட் முழுதாகப் பின்னால் போய், விட்டதும் கண்ணாடிக் கதவு சாத்துகிற மாதிரி முன்னால் வந்தது.

“பிர்சே” என்றேன். என்னையறியாமல் வந்த சொல். அர்த்தம் சொன்னேன். சிரிக்காமல் மறுபடி கழற்றினான். இந்த முறை பத்து நிமிடம்.

மூன்றாம் முறை கழற்றி, போல்ட் மேசையில் தனியாகக் கிடக்கும்போது, குழலை எடுத்து உள்ளே பார்க்கச் சொன்னேன். போன் விளக்கைப் போட்டான். வெளிச்சம் கண்ணில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. அணைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினேன். பித்தளைக் கூடு வெளியே விழுகிற பக்கத் திறப்பில் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்து வைக்கச் சொன்னேன். வெளியே மேப்பிள் இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. அந்த மஞ்சள் அவன் நகத்தில் ஏறி உள்ளே போனது. முன்வாயில் கண்ணை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

“சுற்றிக்கொண்டே போகிறது” என்றான்.

படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து வந்தார். அவர் வீட்டில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்த துப்பாக்கி. ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லையாம். பேரன் குழலை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். வெளிச்சம் பிடிக்கத் தன் நகத்தை வைக்கப் போனவனின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அவரே தன் கட்டைவிரலை அந்தத் திறப்பில் வைத்தார்.